விட்ட சைக்கிளைத் திரும்ப எடுக்கிறவர்களுக்கு

வட இலங்கையில், எங்கள் வன்னியில் சைக்கிள் ஓடத் தெரியாத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் முப்பது வயதைத் தாண்டியவர்களில் இப்போதும் ஓடுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஒழுங்கையில் ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். வயலுக்குப் போகிற வயதான ஐயாமார் ஓடுகிறார்கள். இடைப்பட்ட சனம் முழுக்க மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும். வீட்டின் பின்பக்கம், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், காற்றுப்போன லுமாலா சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்தபடி நிற்கும். திரும்ப ஓட வேண்டும் என்ற நினைப்பு இல்லாமல் இல்லை. கிளினிக்கில் சீனியும் பிரஷரும் பார்த்துவிட்டு வருகிற அன்றைக்கு அந்த நினைப்பு நன்றாகவே வரும். அடுத்த நாள் விடியும்போது அது இருக்காது.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். மனம் வரட்டும், பிறகு ஓடலாம் என்று இருந்தால் மனம் வராது. சைக்கிளுக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். மனம் பின்னால் வரும், வராவிட்டாலும் பரவாயில்லை, வேலை நடக்கும்.

இதற்கு வன்னியே சாட்சி. இங்கே யாரும் உடற்பயிற்சிக்கென்று சைக்கிள் ஓடியதில்லை. தொண்ணூறுகளில், போரோடு பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் கிடைப்பதே அரிது. விறகு, நெல்மூட்டை, நோயாளி, கல்யாணப் பொம்பிளை எல்லாம் சைக்கிளில்தான். பற்றரிக்கும் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். பிறகு 2022, எரிபொருள் தட்டுப்பாடு. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். கோழிக்கூட்டுப் பக்கம் நின்ற சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, கடைகளில் சைக்கிள் விலை தாறுமாறாக ஏறியது. அந்த மாதங்களில் எனக்கு மனம் வரவில்லை என்று ஒருவரும் சொல்லிக் கேட்கவில்லை. பெற்றோல் தாராளமாக வந்ததும் சைக்கிள்கள் பழையபடி சுவருக்குப் போய்விட்டன. அந்தத் தேவையில் ஒரு சின்னப் பங்கை நாமே திரும்ப உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

முதலில் சைக்கிளைப் பாருங்கள்

சாட்டுகள் எல்லாம் சைக்கிளில்தான் ஒளிந்திருக்கும். விடிய எழும்பி, சரி இன்றைக்குப் போவோம் என்று வரும்போது காற்றில்லை என்றால் அந்த நாள் முடிந்தது. ஆகவே ஓடுவதற்கு முதல் நாள் வேலை, திருத்துவது.

ரயரைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். பிறகு றிம்முக்குக் கிட்டவுள்ள பக்கச் சுவரைப் பாருங்கள். வெயிலில் கிடந்த இறப்பர் அந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். மயிரிழை போலச் சின்ன வெடிப்பு என்றால் கொஞ்சக் காலம் ஓடலாம், உள்ளே நூல் தெரிந்தால் ரயரை மாற்றுங்கள். காற்று அடித்து அரை மணித்தியாலத்தில் இறங்கினால் உடனே ரியூபைக் கழற்ற வேண்டாம். வால்வின் வாயில் கொஞ்சம் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கிற சின்ன இறப்பர் பழுதாகியிருக்கிறது, பெரும்பாலும் அதுதான். அதை மாற்றுவது சில்லறைக் காசு வேலை. குமிழி இல்லை என்றால்தான் ரியூபில் ஓட்டை. வன்னியில் அதற்குக் காரணம் தேடத் தேவையில்லை, நெருஞ்சியும் உடைமுள்ளும் போதும். ஒட்டுப் போட்டபின் ரயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள் முனை அங்கேயே இருந்தால் அடுத்த சந்தியில் திரும்ப இறங்கும்.

எவ்வளவு காற்று என்று ரயரின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். விரலுக்கு அமுங்குகிற ரயரோடு உழக்கினால் ஒரு கிலோமீற்றர் மூன்று கிலோமீற்றர் போல இருக்கும். வயது போய்விட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள், உண்மையில் காற்றுத்தான் போயிருக்கும்.

செயினை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, காயவிட்டு, மூட்டுக்கு மூட்டு ஒரு துளி மெசின் ஒயில் விடுங்கள். மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது பிசினாகிக் கிரவல் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறேக் கட்டை இறுகி மினுமினுத்தால் சாண்ட்பேப்பரால் இரண்டு தேய், அல்லது புதுசு. சில்லைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அது கடை வேலை. "போல்ஸ் பார்த்துக் கிறீஸ் போட்டுத் தாங்கோ" என்றால் கடைக்காரருக்கு விளங்கும், சில்லுக்குள் இருக்கிற இரும்புக் குண்டுகளைத்தான் போல்ஸ் என்பது. ஒரேயொரு புத்தி: சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். "நாளைக்கு வாங்கோ" என்பார், நாளை அடுத்த கிழமையாகும், அதற்குள் உங்கள் ஆசை ஆறிப்போகும். வாங்கில் இருந்து ஒரு வெறுந்தேத்தண்ணி குடித்து முடித்து, சைக்கிளோடேயே வாருங்கள்.

சீட் உயரம் முக்கியம். சைக்கிளில் இருந்துகொண்டு குதிக்காலைப் பெடலில் வைத்து அதைக் கீழே இறக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராக வர வேண்டும். நம்மவர்கள் பொதுவாகச் சீட்டைப் பதித்து வைத்துக்கொண்டு முழங்கால் நோகிறது என்பார்கள். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள், பின்பக்கம் நொந்தால் கொஞ்சம் இறக்குங்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயம் உள்ளவர்கள் முதல் சில நாள் இரண்டு பாதமும் நிலத்தில் படுகிற மாதிரிப் பதித்து வைத்திருந்து, பயம் தெளிந்தபின் உயர்த்தலாம்.

பழையது உதவாது என்றால் பாவித்த சைக்கிள் போதும். வன்னி மட்டமான பூமி, கியர் போட்ட சைக்கிளுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. இடுப்போ முழங்காலோ இறுகினவர்கள் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளை எடுங்கள். ஆம்பிளைகளுக்கும்தான் சொல்கிறேன்.

அதற்கு ஒரு வேலை

வீட்டிலிருந்து ஒன்று, ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் நாளாந்தம் நடக்கிற வேலை ஒன்றைத் தெரிந்தெடுங்கள். பாண் வாங்குவது, சங்கக்கடை, பிள்ளையை ரியூசனுக்குக் கூட்டிப் போவது, வயலில் தண்ணி பார்ப்பது, வெள்ளிக்கிழமைக் கோயில். அந்த ஒரு வேலைக்கு இனி மோட்டார் சைக்கிள் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடுங்கள்.

நான் பாணைத்தான் சிபாரிசு செய்வேன். உடற்பயிற்சி செய்யாவிட்டால் ஒருவரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. பாண் வராவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கேட்கும், சம்பலை அரைத்து வைத்துக்கொண்டு மனிசி கேட்பா. போவதா விடுவதா என்று யோசிக்க இடமே இல்லை. மனத்தோடு சண்டை பிடித்து வெல்வதைவிட, சண்டைக்கே இடம் வைக்காமல் விடுவது சுகம்.

சைக்கிள் நிற்கும் இடத்தையும் மாற்றுங்கள். பின்பக்கத்திலிருந்து முன் விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு முன்னால், வழியை மறித்து நிறுத்துங்கள். மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டும் என்றால் முதலில் சைக்கிளைத் தள்ளி வைக்க வேண்டும். கையில் சைக்கிள் வந்துவிட்டது, பிறகென்ன? மோட்டார் சைக்கிள் திறப்பு சேட்டுப் பையில் இருக்கக் கூடாது, அலுமாரிக்குள் இருக்கட்டும். சின்ன விஷயங்கள்தான், ஆனால் உறுதிமொழிகளைவிட இவை பலன் தரும்.

"லீசிங்காரன் தூக்கிட்டானோ?"

கால் நோவு, வெயில், நேரமில்லை என்று வெளியே நாம் சொல்கிற காரணங்களுக்கு அடியில் பலருக்கு இருப்பது வெட்கம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் சைக்கிளில் போனால் நொடிச்சுப் போனான் என்றுதான் ஊர் முதலில் நினைக்கும். லீசிங்கில் எடுத்த வாகனத்துக்குத் தவணை கட்டாவிட்டால் கம்பனிக்காரர் தூக்கிக்கொண்டு போவது எங்கள் பக்கம் அடிக்கடி நடப்பதால், சந்திக் கடையில் கேள்வி தயாராக இருக்கும்: "என்ன தம்பி, லீசிங்காரன் தூக்கிட்டானோ?"

பதிலையும் தயாராக வைத்திருங்கள். சுற்றுச்சூழல், எரிபொருள் மிச்சம் என்றெல்லாம் விளக்கப் போனால் அது இன்னும் சந்தேகத்தைத்தான் கிளப்பும். "டொக்டர் சொன்னவர்" என்று சொல்லுங்கள். எங்கள் ஊரில் எந்த வாயையும் அடைக்கிற இரண்டு சொற்கள் அவை. கேட்டவரே "ஓம் ஓம், எனக்கும் சொன்னவர்தான்" என்று தன் சீனியின் அளவைச் சொல்லத் தொடங்குவார். இரண்டு கிழமையில் கேள்வி தானாக நின்றுவிடும். சனத்துக்குப் புது விஷயங்கள் வரும்.

பெண்களுக்கு இது இன்னும் கூட. பள்ளிக்கூடக் காலம் முழுக்கக் காற்றாய்ப் பறந்த பிள்ளை, கல்யாணத்தோடு சைக்கிளை விட்டுவிடும். ஓடத் தெரியாமல் போனதில்லை. "இந்த வயசில இவவுக்கு என்ன சைக்கிள்" என்ற ஒரு கதைக்குப் பயந்துதான். இதற்கு நான் கண்டவரை வழி ஒன்றுதான், சோடி சேர்வது. பக்கத்து வீட்டு அக்காவோ மச்சாளோ ஒருவர் சம்மதித்தால் போதும். மாதர் சங்கக் கூட்டத்துக்கும் கிளினிக்குக்கும் இரண்டு பேராகப் போனால் கதை பாதியாகும், மற்றவர் வாசலில் வந்து பெல் அடிக்கும்போது படுத்துக் கிடக்கவும் முடியாது. செயின் கவரும் பின்சில்லு வலையும் பூட்டிக்கொள்ளுங்கள். சேலைத் தலைப்பும் சோலும் சில்லில் மாட்டுவது விளையாட்டில்லை.

முன்பு விழுந்து அடிபட்டதால் விட்டவர்கள் நேரே வீதிக்கு வர வேண்டாம். பின்னேரம் வெறிச்சோடின விளையாட்டுத் திடல் ஒன்றில் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்துவதையும் மட்டும் பழகுங்கள். கிரவலில் முன் பிறேக்கைத் திடீரென்று பிடித்தால் சில்லு இழுத்துக்கொண்டு போகும். பின் பிறேக்கை முதலில், பிறகு முன்னதை மெதுவாக.

முதல் நாள் உடம்பு உங்களை ஏமாற்றும்

சமநிலை மறக்காது. பத்து வருடம் கழித்து ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் கை தானாகத் திருப்பும், கால் தானாக உழக்கும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஓட்டம் மறக்கவில்லையே என்ற புளுகத்தில் கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வரை போவோம், 5 கிலோமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் மூச்சும் தொடையும் அப்படியில்லை. தொடர்ந்து ஓடாவிட்டால் சில கிழமைகளிலேயே அவற்றின் பலம் இறங்கத் தொடங்கிவிடும், நீங்கள் வருடக்கணக்காக விட்டிருக்கிறீர்கள். அடுத்த நாள் இருக்கவும் ஏலாமல் எழும்பவும் ஏலாமல் கிடந்தால் சைக்கிள் பழையபடி கோழிக்கூட்டுக்குப் போகும்.

ஆகவே முதல் கிழமை பாண் கடைக்கு மட்டும். நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றினால் அப்போதே திரும்புங்கள். அந்த மிச்ச ஆசைதான் நாளைக்கு உங்களை எழுப்பும். இரண்டாம் கிழமை கடையைத் தாண்டி ஒரு சுற்று, இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மாதத்தில் நாளுக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள் என்று வந்துவிட்டால் அது 150 நிமிடம். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது இவ்வளவு மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வேகத்துக்கு மானி தேவையில்லை. பக்கத்தில் வருகிறவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு சரி.

சீட்டில் இருந்து பின்பக்கம் நோவது எல்லோருக்கும் உண்டு, ஓரிரு கிழமையில் போய்விடும். மரத்துப்போனால் சீட்டின் மூக்கு மேலே தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள், மட்டமாக்குங்கள். சீனிக்கு இன்சுலினோ குளிசையோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றோடு உழக்க வேண்டாம், பையில் இரண்டு டொபி இருக்கட்டும். இருதயம், சிறுநீரகம் என்று கிளினிக் போகிறவர்கள் எவ்வளவு ஓடலாம், எவ்வளவு தண்ணி குடிக்கலாம் என்று அங்கேயே கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு இறுகினால் இறங்கி நில்லுங்கள், அது தாங்கிப் பார்க்கிற விஷயமில்லை.

சோளகமும் யானையும்

மலைநாட்டவருக்கு ஏற்றம், நமக்குக் காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். பூநகரிப் பக்கத்து வெளிகளில் முகத்துக்கு எதிரே அது வந்தால் உழக்குவதும் நிற்பதும் ஒன்றுதான். ஒரு முறை இருக்கிறது: போகும்போது காற்றுக்கு எதிரே, வரும்போது காற்றோடு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை மாற்றிச் செய்வார்கள். போகும்போது பறக்கும், நான் இப்படி ஓடுவேனா என்று வியப்பார்கள், களைத்தபின் திரும்பும் வழியில் காற்று கணக்குத் தீர்க்கும்.

கிளிநொச்சிக்காரருக்கு ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமைப் பயணம் சொல்கிறேன், ஒரு மாதம் பழகினபின். சோளகக் காலத்தில் ஏ9 வழியே தெற்கே முறிகண்டிப் பிள்ளையாரிடம் போங்கள். போகும்போது பலம் இருக்கும், காற்று எதிரே வந்தாலும் சமாளிக்கலாம். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, இளைப்பாறித் திரும்பினால் காற்றே தள்ளிக்கொண்டுவரும். விடியக் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறத்தான் உக்கிரமாகும், ஆகவே ஒன்பது மணிக்கு முன் வீட்டில் நிற்கிற மாதிரிப் புறப்படுங்கள். ஏ9 இல் ஒன்றையொன்று முந்துகிற பஸ்களுக்குச் சைக்கிள் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் ஹோர்ன் நீண்டு கேட்டால் கௌரவம் பார்க்காமல் கரையால் இறங்குங்கள்.

குளக்கட்டுகள் இன்னொரு ஆசை. இரணைமடுவோ வவுனிக்குளமோ அக்கராயனோ, உங்களுக்குக் கிட்டியது எதுவோ அது. மாரியில் குளம் நிரம்பி வான் பாய்கிறதாம் என்ற செய்தி வந்தால் ஊரே பார்க்கப் போகும், அதற்குச் சைக்கிளில் போவதென்று இப்போதே நினைத்து வையுங்கள். கட்டின் ஓரம் மட்டும் கவனம், பிடிக்க ஒன்றும் இருக்காது.

விடிய வெள்ளன என்று நான் சொன்னது எல்லா வீதிக்கும் இல்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டை ஒட்டிய வீதிகளில் இருள் பிரியும் முன்னும், பொழுதுபட்ட மைம்மலிலும் போகாதீர்கள். யானை வீதிக்கு வருகிற நேரம் அது. வெளிச்சம் நன்றாக வந்தபின், ஊர்ச் சனம் போகத் தொடங்கினபின் போங்கள். மைம்மலில் பாம்பும் சூட்டுக்குத் தாரில் கிடக்கும். காலபோக அறுவடை முடிந்து வீதியில் நெல் காயப்போட்டிருந்தால் அதன்மேல் ஏற்ற வேண்டாம், ரயர் வழுக்கும், ஏச்சும் விழும். நாய் துரத்தினால் வேகமாக உழக்காமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் இடையில் வைத்து நடவுங்கள். குறுக்குப் பாதையில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள், அது கண்ணிவெடி எச்சரிக்கை. பச்சிலைப்பள்ளிப் பக்கத்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. இருட்டில் லைற்றும் பின்னால் சிவப்பு ரிப்ளெக்டரும் கட்டாயம், மாடுகள் வீதியில்தான் படுத்திருக்கும்.

திரும்ப விட்டால்

விடுவீர்கள். விதைப்பு வரும், வெட்டு வரும், செத்த வீடு, காய்ச்சல், சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து வருவார்கள். இரண்டு கிழமை போனபின் இனி என்னத்துக்கு என்று தோன்றும் இடம்தான் இடறுகிற இடம். விட்ட இடத்திலிருந்து பிடிக்கப் பார்க்காதீர்கள். அரை மணித்தியாலம் ஓடியவர் என்றாலும் திரும்ப வரும்போது பாண் கடைதான், அங்கிருந்து ஏறுங்கள். இந்த முறை ஏறுவது முதல் முறையைவிடக் கெதியாக நடக்கும். டெங்கு மாதிரிக் கடுங்காய்ச்சல் வந்து போயிருந்தால் உடம்பு தெளியும்வரை பொறுங்கள், ஒன்றும் அவசரமில்லை.

கார்த்திகை, மார்கழி மழைக்குச் சைக்கிளை முற்றாக நிறுத்துகிறவர்கள் உண்டு, அது நியாயம்தான். பாலத்துக்கு மேலால் தண்ணி பாயும்போது முழங்கால் அளவுதானே என்று இறங்க வேண்டாம், இழுவை தெரியாது. நிறுத்துவதென்றால் மழை தொடங்க முன்னரே செயினுக்கு ஒயில் விட்டு, சைக்கிளை விறாந்தை வளையில் கயிற்றால் தூக்கிக் கட்டிவிடுங்கள். சில்லு நிலத்தில் ஊன்றாமல் இருந்தால் ரயர் ஒரே இடத்தில் அமுங்கி வெடிக்காது. தைப்பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிறபோது எப்படியும் அதை இறக்க வேண்டி வரும். இறக்கினதும் காற்றை அடித்து, வால்வில் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு முன்பக்கமே நிறுத்துங்கள்.